எழுநூறு கிராம்

சாவ் பாவ்லோ, குவாருல்யோஸ் விமான நிலையத்தில்
பெட்டிகளுக்குப் பச்சை பிளாஸ்டிக் தாள் சுற்றுபவன் நான்.
பெட்டிக்குப் பதினேழு சுற்று.
பூட்டு தெறித்துவிடும், யாரோ உள்ளே எதையோ வைத்துவிடுவார்கள்
என்கிற பயத்தை
மீட்டர் கணக்கில் விற்கிறேன்.
மடியில் கனமுள்ளவர்களின் வழிப்பயம்தான்
பதினோரு வருடமாக என் சம்பளம்.
ஒருமுறையும் பறந்ததில்லை.

லிந்தால்வா எதுவும் வாங்க வரவில்லை.
நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம்.
கடைசி ரயிலில் வந்து இறங்கியிருந்தாள்.
விமானம் காலை ஆறு ஐந்துக்கு.
"உங்கள் தராசில் ஒருதரம் ஏற்றிப் பார்க்கட்டுமா?"

முதல் ரயிலை நம்பினால் ஓட வேண்டும்,
டாக்ஸியை நம்பினால் கையைக் கடிக்கும்,
அதனால் தூக்கத்தைச் செலவழிக்கிறேன் என்றாள்,
என்னிடம் சில்லறையாக இருப்பது
அது ஒன்றுதான்.

பத்து கிலோ எழுநூறு.
அனுமதி பத்து.

ஏற்கெனவே மூன்று சட்டை உடம்பில்.
அதன்மேல் தங்கை கணவனுக்கு வாங்கிய ஜாக்கெட்.
ஜாக்கெட்டின் பைகளில் சார்ஜர், சாவிக்கொத்து,
ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு.
அவள் நடந்தால்
சின்னக் கடை ஒன்று நடப்பது போலிருந்தது.

தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.
ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து
நீயா, நீயா என்று கேட்பவள் போல்.
கடைசியில் ஒரு ஷாம்பூ பாட்டில்.
"பதினான்கு ரெயால்தான். பெட்ரோலினாவிலும் ஷாம்பூ விற்கிறார்கள்.
இதைச் சுமந்துபோக அவர்கள் கேட்பது நூற்றுப்பத்து."
என் வழுக்கைத் தலையை நன்றாகப் பார்த்தபிறகும்
என்னிடமே நீட்டினாள்.

ஜூன் மாதம் வடகிழக்கு முழுக்க
நெருப்பு மூட்டி ஆடுவார்கள்.
டிக்கெட் விலையும் கூடவே ஆடும்.
இவள் போவது ஆகஸ்டில், பாதி விலைக்கு.
தங்கை சோளத்தை உறைபெட்டியில் வைத்திருக்கிறாளாம்,
இரண்டு விறகுக்கட்டையும் ஒதுக்கி.
"நாலு பேர் ஆடினால் திருவிழா இல்லையா என்ன?"

நாலரைக்குப் பனி இறங்கியது.
இந்த இடத்தின் பழைய பெயருக்கே
தாழ்ந்த மேகம் என்று அர்த்தமாம்,
பேருந்து ஓட்டும் ஜெனிவால்டோ சொல்வான்.
பலகையில் வரிசையாகச் சிவப்பு எழுத்துகள்.
ஓடுதளம் எங்கே இருந்ததென்று
கண்ணாடிக்கே மறந்துவிட்டது.

ஒருவர் கவுன்ட்டரைத் தட்டினார்.
ஒருவர் போனில் யாரையோ வேலையிலிருந்து நீக்கினார்.
முன்னுரிமை வரிசைக்குப் பணம் கட்டியவர்
முன்னுரிமையோடு காத்திருந்தார்.
காப்பி இருபத்திரண்டு ரெயால்,
அதற்கும் கூட்டம் வளைந்து வளைந்து நின்றது.

அவள் சீஸ் வைத்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள்,
பெரிய பாதி அவளுக்கு.
குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டாள்.
ஜாக்கெட்டோடு, செருப்போடு, சாவியோடு
பையைக் காலில் கட்டிக்கொண்டு
தூங்கினாள்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
செலவழித்த தூக்கத்தை
மேகம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அன்று நல்ல வியாபாரம்.
தாமதமானால் பயம் கூடும்,
பயம் கூடினால் சுற்று கூடும்.
ஒருவர் இருபத்தைந்து கேட்டார்.
சுற்றினேன்.

ஒன்பது இருபதுக்கு வெளிச்சம்.
எழுப்பினேன். மணி கேட்கவில்லை,
"கிளம்பிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.
இல்லை, இப்போதுதான் கூப்பிடுகிறார்கள் என்றேன்.
சின்னக் கடை எழுந்து
பாதுகாப்புச் சோதனை வரிசையில் சேர்ந்தது,
அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள்
செருப்பு செருப்பாக வெளியே வருவதைப் பார்த்து
பெருமூச்சு விட்டார்கள்.

ஷாம்பூவில் என் சீருடையைத் துவைத்தேன்.
இரண்டு வாரமாகத் தேங்காய் மணம்.

நேற்று ஆளில்லாத நேரம்
போனில் அடுத்த ஆகஸ்டின் விலைகளைத் தள்ளிப் பார்த்தேன்.
எந்த ஊர் என்று கேட்டது.
அதைக் காலியாக விட்டுவிட்டு
தராசில் ஏறி நின்றேன்.
எழுபத்தொன்பது கிலோ.
இதற்கு அவர்கள்
இன்னும் கட்டணம் கேட்பதில்லை.